கசிவு

என் தம்பி வடக்கே ஓர் ஆய்வகத்தில் ஐசோடோப்பு நிறைமானி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறான். பல வருடங்களாக அதுதான் அவன் வேலை. ஆனாலும் அந்தக் கருவியை நான் முதன்முதலாகக் கண்டது 2023 டிசம்பர் விடுமுறையில்தான். அதுவும் அது பழுதாகிக் கிடந்த வாரத்தில். அண்ணனை வீட்டில் தனியே உட்காரவைத்துவிட்டுப் போவது நன்றாக இராது என்று உடன் அழைத்துப் போனான். தமிழ் வாத்தியாருக்கு இங்கே என்ன வேலை என்று வாயிற்காவலர் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன்.

கருவியின் வேலையைச் சொல்வது எளிது. கரியமில வாயுவின் மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் தந்து, காந்தப் புலத்தில் வளைத்து, நிறை 44, 45, 46 என்று மூன்று கிண்ணங்களில் பிரித்து அளக்கிறது. இயற்கையிலுள்ள கார்பனில் நூற்றுக்கு ஏறக்குறைய 1.1 பங்கு கார்பன்-13, மிச்சம் கார்பன்-12. இந்த விகிதம் பொருளுக்குப் பொருள் மிகச் சிறிதளவு மாறும். உலகத் தரத்தோடு ஒப்பிட்டால் நெல்லில் ஆயிரத்துக்குச் சுமார் 26 குறைவு. தினையிலும் கம்பிலும் சுமார் 12தான் குறைவு. உண்டவரின் எலும்பிலும் பல்லிலும் அந்த வேறுபாடு தங்கிவிடுகிறது. குறிஞ்சிக்குத் தினை, மருதத்துக்கு நெல் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிவரும் எனக்கு இதைக் கேட்டபோது சற்றுக் கூச்சமாக இருந்தது. செய்யுளை வைத்து நான் சொல்வதை இவர்கள் பல்லிடமே கேட்கிறார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது காந்தத்தைப் பற்றி அல்ல, வாயு உள்ளே போகும் வழியைப் பற்றி. ஆல்ஃபிரட் நியர் 1947இல் விவரித்த கருவியை ஒட்டி, சிகாகோவில் ஹெரால்டு யூரியின் குழுவைச் சேர்ந்த மெக்கின்னி முதலானோர் 1950இல் வெளியிட்ட ஏற்பாடு அது. ஒரு பக்கம் மாதிரி வாயு, மறுபக்கம் அளவு தெரிந்த தர வாயு. இரண்டுக்கும் தனித்தனி உலோகத் துருத்தி. துருத்தியிலிருந்து தலைமுடி நுழையுமளவு துளையுள்ள நீண்ட எஃகுக் குழாய்கள் புறப்பட்டு ஒரு மாற்று வால்வில் வந்து சேர்கின்றன. ஒரு வாயு கருவிக்குள் போகும்போது மற்றது நிற்காமல் வெற்றிடப் பம்புக்குள் போய்க்கொண்டே இருக்கும். நிறுத்தித் திறந்தால் லேசான மூலக்கூறும் கனத்ததும் ஒரே சீராக வாரா. ஓட்டம் அறுபடக் கூடாது என்பதற்காகவே பாதி வாயுவை வீணாக்குகிறார்கள். இந்தச் சிக்கனமின்மை எனக்குப் பிடித்திருந்தது.

பழுது இதுதான். தெரிந்த இரண்டு தரப்பொருள்களை அளந்தால் அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி, இருக்கவேண்டியதைவிடக் குறைவாக வந்தது. முதலில் வெளிக்காற்று புகுகிறதா என்று பார்த்தான். மெல்லிய குழாயால் ஒவ்வொரு மூட்டிலும் ஆர்கானை ஊதிவிட்டு, திரையில் நிறை 40 எழுகிறதா என்று கவனித்தான். கீழ் மூட்டிலிருந்து தொடங்கி மேலே போனான். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. மேலே ஊதினால் வழிந்து கீழ் மூட்டின் மேல் பழி போட்டுவிடும் என்றான். அப்பா சைக்கிள் கடையில் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அழுத்தி அழுத்திச் சுற்றுவது நினைவுக்கு வந்தது. அங்கே காற்று வெளியே வரும். இங்கே உள்ளே போகும். மற்றபடி அதே குனிதல், அதே மௌனம். படிக்கிற பிள்ளை என்று என்னை அந்தத் தொட்டியருகே விடமாட்டார் அப்பா. தம்பி அங்கேயே கிடந்தான்.

நிறை 40 எழவில்லை. பிறகு மாதிரிப் பக்கத்தை முழுக்க வெற்றிடமாக்கி, தர வாயுவை மட்டும் நிரப்பிவிட்டு, மாதிரிப் பக்கத்துக் கதவைத் திறந்தான். வெறுமையாக இருக்கவேண்டிய பக்கத்திலிருந்து நிறை 44 மெல்ல எழுந்தது.

"அண்ணே, உள்ளுக்குள்ளயே ஒழுகுது" என்றான்.

ஒன்று மற்றதில் கலந்துவிட்டால் வேறுபாடு சுருங்கத்தானே செய்யும்! ஓர் ஏட்டைப் பெயர்த்தெழுதுபவர் பக்கத்தில் இன்னோர் ஏட்டையும் விரித்துவைத்து இரண்டின் பாடங்களையும் கலந்து எழுதிவிட்டால், பின்னால் வருபவருக்கு எது எந்த வழி வந்தது என்றே பிரிக்க முடியாது. பதிப்பாசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் இடம் அது. அதைத் தம்பியிடம் சொன்னேன். வால்வின் திருகைக் கழற்றியபடியே "ஆமா" என்றான்.

வால்வுக்குள் அடைப்பாக இருந்தது தங்கம். மென்மையானது, வாயுவோடு வினைபுரியாது என்பதால் அதை வைக்கிறார்களாம். ஆயிரக்கணக்கான முறை அழுந்தித் தேய்ந்த வட்டத்தின் குறுக்கே மெல்லிய கீறல் ஒன்று உருப்பெருக்கியில் தெரிந்தது. கையுறையில்லாமல் தொடப் போன என்னை அதட்டினான்; விரலின் எண்ணெய்ப் பசை வெற்றிடத்தில் நாள்கணக்கில் ஆவியாகிக்கொண்டிருக்குமாம். ஆல்கஹாலில் துடைத்து, புது அடைப்பை வைத்து, திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்கினான். சக்கரத்துக் கம்பிகளை அப்பா முடுக்கிய அதே முறை.

மாலையில்தான் சங்கடம் வந்தது. பழைய தரப்பொருள் அளவுகளைப் பின்னோக்கிப் பார்த்தபோது செப்டம்பர் முதலே இடைவெளி சுருங்கிக்கொண்டு வந்திருந்தது. அந்த மாதங்களில் ஓர் ஆய்வு மாணவியின் பல் மாதிரிகள் அளக்கப்பட்டிருந்தன. சுரண்டியெடுத்த சில மில்லிகிராம் பொடியைப் பாஸ்பாரிக் அமிலத்தில் இட்டு வாயுவாக்குகிறார்கள். பொடி அதோடு போயிற்று. நெல் மட்டுமே உண்டவர் கொஞ்சம் தினையும் உண்டவராகத் தோன்றியிருக்கலாம். கணக்கில் திருத்திவிடலாமே என்றார் பொறுப்பிலிருந்த பேராசிரியர். கசிவு ஒரே அளவில் இருந்தால் திருத்தலாம், இது நாளுக்கு நாள் வளர்ந்திருக்கிறது என்றான் தம்பி. குரல் உயரவில்லை. அவர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். கட்டுரைகளில் தம்பியின் பெயர் இடம்பெறுவதில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். அவனை 'மெக்கானிக்' என்று உறவினர்களிடம் சொல்லிவந்தவன் நான்.

மாணவி வந்தாள். எத்தனை பல்லுக்குப் பொடி மிச்சம் இருக்கிறது என்று கேட்டான். நான்கைத் தவிர எல்லாவற்றுக்கும் இருக்கிறது என்றாள். அந்த நான்கைச் சொல்லும்போது ஒவ்வொன்றின் எண்ணையும் பார்க்காமலே சொன்னாள்.

இரவு முழுதும் பம்பு ஓடியது. மறுநாள் காலையில் மாதிரிப் பக்கம் வெறுமையாகவே நின்றது. அவன் பதிவேட்டைத் திறந்து, செப்டம்பர் முதலான அளவுகளை நம்பவேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டான். கீறல் விழுந்த அடைப்பைச் சிறிய உறையிலிட்டு அந்தப் பக்கத்திலேயே ஒட்டினான். பிறகு மாணவியின் முதல் பொடியை எடை பார்க்கத் தொடங்கினான்.