ஒரே ஒரு வில்லை

சுவிஸில் இருக்கும் அண்ணனின் மகன் தன் பழைய கமராவை எனக்கு அனுப்பியிருந்தான். பெட்டியைத் திறந்தால் உடல் மட்டுமே இருந்தது. வில்லைகளைத் தன் புதுக் கமராவுக்கு வைத்துக்கொண்டானாம். "வில்லையை நீங்களே பார்த்து வாங்குங்க அத்தை, அவசரப்படாதீங்க" என்று தொலைபேசியில் சொன்னான். நான் அவசரப்பட்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. 1977 வன்செயலின் பின் எங்கள் அப்பா மலையகத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனார். நான் பிறந்தது அங்கேதான். 2009இல் எல்லாவற்றையும் விட்டு ஓடியபோது அம்மாவின் ஒரே படமும் போய்விட்டது. செட்டிகுளம் முகாமிலிருந்து வத்தேகமவில் உள்ள சித்தி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, என்னிடம் என் அடையாள அட்டைப் படம் தவிர வேறு படமே இல்லை. இங்கே ஒரு ஸ்டூடியோவில் மூன்று வருடம் உதவிக்கு நின்று தொழில் பழகினேன். பின்பு லயன்களுக்குப் போய் வயதானவர்களைப் படம் பிடித்துக் கொடுக்கத் தொடங்கினேன்.

வந்த கமரா எப்சன் ஆர்-டி1. 2004இல் வெளிவந்தது. ரேஞ்ச்ஃபைண்டர் வகையில் உலகின் முதல் டிஜிற்றல் கமரா அதுதான். துவாரத்தில் பார்த்தால் நடுவில் ஓர் உருவம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். அப்போதுதான் படம் துலங்கும்.

லைக்கா கமராவுக்குப் பொருந்தும் வில்லைகள் இதற்கும் பொருந்தும். அவற்றின் விலை நம் கைக்கு எட்டாது. என்னிடம் இருந்தது ஒரு சீட்டுக் காசு மட்டுமே. அதற்குள் அகப்பட்டது 50 மில்லிமீற்றர் அளவுள்ள பழைய சோவியத் வில்லை. திருகிப் பூட்டும் வகை. இடையில் ஒரு வளையம் போட்டால் கமராவில் ஏறும். மலிவு. எண்ணும் 2. இந்த எண் சிறிதாக இருந்தால் வில்லையின் வாய் பெரிதாகத் திறக்கும், ஒளி அதிகம் வரும். இருண்ட லயன் அறைக்கு அதுவே நல்லது என்று வாங்கிவிட்டேன்.

இரண்டு விடயங்களை நான் யோசிக்கவில்லை. ஒன்று, இந்தக் கமராவில் ஒளியை வாங்கும் தகடு பழைய பிலிமை விடச் சிறியது. வில்லையின் அளவை ஒன்றரையால் பெருக்கிப் பார்க்க வேண்டும். 50 என்பது 75 போல வேலை செய்யும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையில் பின்னால் போக இடமேது? சுவரில் முதுகு முட்டும். மற்றது, சோவியத் வில்லைகளின் கணக்கும் லைக்கா கணக்கும் நுணுக்கமாக வேறுபடும். தூரத்தில் அது தெரியாது. கிட்டத்தில், வாயை முழுதாகத் திறந்தால் தெரியும்.

மடுல்கலைப் பக்கத்தில் ஒரு பாட்டியைப் படம் பிடித்தேன். ஐம்பது வருடம் கொழுந்து பறித்தவர். கழுவிக் காய்ந்த சேலை உடுத்தி, திருநீறு பூசி உட்கார்ந்தார். துவாரத்தில் இரண்டு உருவமும் சரியாக ஒன்றாயின. வீட்டுக்கு வந்து பார்த்தால் காதுத் தோடு துலக்கம், கண் மங்கல். அடுத்த மாதம் திருத்தி எடுக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். அந்த மங்கல் படத்தைத்தான் பிள்ளைகள் சட்டமிட்டு மாலை போட்டார்கள். ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இன்னொரு சீட்டுப் போட்டேன். இம்முறை அவசரப்படவில்லை. ஜப்பானின் கொசினா நிறுவனம் செய்யும் வொய்க்லாண்டர் கலர்-ஸ்கோபார், 35 மில்லிமீற்றர், எண் 2.5, பழையதாக வாங்கினேன். 35ஐ ஒன்றரையால் பெருக்கினால் ஏறக்குறைய 53. நம் கண் பார்ப்பது போலவே இருக்கும். ஒளி கொஞ்சம் குறைவுதான். ஆளை வாசல் பக்கம் இருத்தினால் போதும்.

வாங்குமுன் வில்லையின் பின்னால் டோர்ச் அடித்துப் பார்த்தேன். சிலந்தி நூல் போல் தெரிந்தால் அது பூஞ்சணம். நக்கிள்ஸ் மலைக் குளிருக்கும் ஈரத்துக்கும் அது விரைவில் பரவும். இப்போது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதிகளோடு டப்பாவில் மூடி வைக்கிறேன். சோவியத் வில்லையையும் எறியவில்லை. வெளியே வெயிலில் வாயைச் சுருக்கி எடுத்தால் அழகான படம் தருகிறது.

ஜூலியா மார்கரெட் கமரோன் என்ற ஆங்கிலப் பெண்ணுக்கு 1863இல், 48 வயதில், மகள் ஒரு கமராவைப் பரிசளித்தாள். பின்னாளில் இலங்கைக்கு வந்து இங்கும் படம் எடுத்த அவர், 1879இல் காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். வயதைப் பற்றிக் கவலைப்படும் சகோதரிகளுக்காக இதைச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் வயதானவர் இருந்தால் இந்த வாரமே ஒரு படம் எடுங்கள். கைத்தொலைபேசியாலாவது எடுங்கள். கண்ணில் துலக்கமா என்று அங்கேயே பாருங்கள். அச்சிட்டு, இரண்டு பிரதியை இரண்டு வீட்டில் வையுங்கள். ஒரு வீட்டில் மட்டும் வைத்ததை நாங்கள் இழந்தோம்.