ஒயின்ஷாப்பில் ஒயின் கேட்டவன்

டிஸ்கி: பாட்டில்ல ஒட்டியிருக்கற எச்சரிக்கை வாசகம் இந்தப் பதிவுக்கும் பொருந்தும். ஏன்னு கடைசியில தெரியும்.

தமிழ்நாட்டுல சாராயக்கடைக்கு ஒயின்ஷாப்னு பேர் வெச்ச புண்ணியவான் வாழ்க. 2003-ல சில்லறை விற்பனை மொத்தத்தையும் டாஸ்மாக் எடுத்துக்கிட்ட பிறகும் ஊர் வாயில அது ஒயின்ஷாப்தான். ஆனா அங்கே போய் ஒயின் கேட்டுப் பாருங்க மக்களே. நான் கேட்டேன். எனக்குப் பின்னாடி நூறு ரூபாய் நோட்டைக் கையில சுருட்டிப் பிடிச்சிருந்த அண்ணன், "தம்பி, கேக் செய்யப் போறியா?"ன்னார். வரிசையே சிரிச்சுது. அதுக்கப்புறம் மால்ல இருக்கற எலீட் கடைக்கு மாறிட்டேன். அங்கே யாரும் சிரிக்கறதில்லை, பில் பார்த்து நாமதான் அழணும்.

ஆரம்பம் ஒரு ஆபீஸ் பார்ட்டி. ஓஎம்ஆர்ல பொட்டி தட்டறவனுக்கு வருஷத்துக்கு ரெண்டு ஓசிச் சாப்பாடு உண்டு, அதுல ஒண்ணு. எங்க மேனேஜர் கிளாஸைச் சுத்திச் சுத்தி மோந்து பார்த்துட்டு "பிளாக்கரண்ட்... சீடர்... கொஞ்சம் டொபாக்கோ"ன்னார். நான் பிளாக்கரண்டை ஐஸ்கிரீம் கடை போர்டுல மட்டுந்தான் பார்த்திருக்கேன். எனக்குத் தெரிஞ்சது துவர்ப்பு ஒண்ணுதான். அன்னிக்கு ராத்திரியே திருவான்மியூர் ரூமுக்கு வந்து எக்ஸெல் ஷீட் திறந்துட்டேன். படிச்ச படிப்பு வேற எதுக்கு?

விதிகள் ரொம்ப எளிமை. சிவப்பு மட்டும். பாட்டில் ஆயிரத்தைநூறு ரூபாயைத் தாண்டக்கூடாது. ஒரு சாயங்காலத்துக்கு ஒரு கிளாஸ், அஞ்சு நாள்ல ஒரு பாட்டில். பேர், ஊர், திராட்சை, விலை, மார்க், குறிப்பு, கடைசியா 'எத்தனை நாள்ல காலி'ன்னு ஒரு காலம். திறந்து வெச்சா எத்தனை நாள் தாங்குதுன்னு பார்க்கத்தான் அந்தக் கடைசிக் காலம்னு அப்போ நினைச்சேன்.

மொதல் மூணு பாட்டில்லயே ஒரு விஷயம் பிடிபட்டுது. சிவப்பு ஒயினைப் பத்திப் பேச வெள்ளைக்காரன் 'டானின்'னு சொல்லிக் கஷ்டப்படறான். நமக்கு அறுசுவையில அதுக்குன்னே ஒரு இடம் இருக்கு, துவர்ப்பு. திராட்சைத் தோல், கொட்டை இதுல இருந்து இறங்கற சமாசாரம், ஓக் பீப்பாயில கிடந்தா அதுலேர்ந்தும் கொஞ்சம். வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, நாவப்பழம், ஆறிப்போன கட்டன் சாயா எல்லாத்துலயும் நாக்கைப் பிடிச்சு இழுக்கற அதே ஆள்தான். பிளாக்கரண்டை விட்டுட்டு நான் பாக்குத் துவர்ப்பு, நெல்லிக்காய்த் துவர்ப்பு, டீத் துவர்ப்புன்னு எழுத ஆரம்பிச்சதும் குறிப்பு எல்லாம் எனக்கே புரிஞ்சுது.

அடுத்தது சூடு. ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்பாங்க. அது யாரோட ரூம்? ஐரோப்பாக் கல்லு வீட்டோட ரூம், பதினாறு பதினெட்டு டிகிரி. நம்ம ரூம் மே மாசத்துல முப்பத்தஞ்சு. அந்தச் சூட்டுல குடிச்சா ஆல்கஹால் மட்டுந்தான் மூக்குல ஏறும். அரைமணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுங்க, அதுவே போதும். இதைப் பாட்டில் பலி குடுத்துக் கத்துக்கிட்டேன். ஊருக்குப் போறப்ப ஒரு சிலி நாட்டு பாட்டிலைப் பரண்மேல வெச்சுட்டுப் போயிட்டேன், வந்து திறந்தா காய்ச்சின புளித்தண்ணி. தப்பு என்னோடது, அதனால மார்க் போடலை. (சிலி பத்தி ஒரு சுவாரஸ்யம்: அங்கே மெர்லோன்னு நினைச்சு வளர்த்த கொடிகள்ல பெரும்பகுதி கார்மெனேர்னு 1994-ல ஒரு பிரெஞ்சு நிபுணர் வந்து பார்த்துத்தான் தெரிஞ்சுதாம். அத்தனை வருஷமும் ப்ரொடக்‌ஷன்ல தப்பான வேரியபிள் நேம் ஓடியிருக்கு!)

நம்மூரு பாட்டிலுக்கு வருவோம். மொதல்ல நாசிக். சூலாவை ஆரம்பிச்ச ராஜீவ் சமந்த் நம்ம ஜாதிதான், தப்பா எடுத்துக்காதீங்க, பொட்டி ஜாதி. ஸ்டான்ஃபோர்டுல இன்ஜினியரிங் படிச்சு, ஆரக்கிள்ல வேலை பார்த்துட்டு அதை விட்டுட்டு ஊருக்கு வந்தவர். 2000-ல மொதல் பாட்டில். இன்னிக்கும் ஆணி புடுங்கற நாள்ல அவரை நினைச்சுப் பொறாமைப்படுவேன். சூலா ஷிராஸுக்கு என் குறிப்பு: "மிளகு ரசம், பின்னாடி லேசாப் புகை." ஏழு மார்க்.

ஐரோப்பாவுல கொடி குளிர்காலத்துல தூங்கும், இலையுதிர் காலத்துல அறுவடை. நாசிக்ல அது தூங்கவே தூங்காது. அதனால வருஷத்துக்கு ரெண்டு தடவை கவாத்து. மழைக்கு முன்னாடி ஒண்ணு, மழை முடிஞ்சு ஒண்ணு. ஜனவரிலேர்ந்து மார்ச்சுக்குள்ள பறிச்சுடுவாங்க. மழையில பழம் சிக்கினா அழுகிப் போயிடும். இதைப் படிச்சப்போ எனக்கு ஒண்ணும் புதுசாத் தெரியலை, காரணம் இருக்கு, வர்றேன்.

அடுத்து நந்தி மலை அடிவாரம். பெங்களூர் நண்பனோட பைக்ல க்ரோவர் தோட்டத்துக்குப் போனேன். கன்வல் க்ரோவர் 1988-ல ஆரம்பிச்ச தோட்டம், போர்தோவோட பிரபல நிபுணர் மிஷெல் ரோலான் வந்து ஆலோசனை சொன்ன இடம். அங்கேயே குடிச்ச லா ரிசர்வுக்கு எட்டரை. சுத்திக் காட்டினவங்க பேச்சுக்கும் காத்துக்கும் அரை மார்க் கழிச்சுக்கோங்க. அப்புறம் சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜ், ஃப்ராடெல்லி. பேருக்கே இத்தாலியில சகோதரர்கள்னு அர்த்தம். சாஞ்ஜியோவேசேங்கற இத்தாலித் திராட்சையைக் கொண்டுவந்து வளர்க்கறாங்க. லேசான புளிப்பு, தக்காளித் தொக்குக்கு அம்சமா இருந்துது. ஆஸ்திரேலியாவும் பார்த்தாச்சு, ஜாம் மாதிரி, ஆறு. வெளிநாட்டு ஒயினுக்கு இறக்குமதி வரி 150 சதவீதமா இருந்து, 2022 டிசம்பர் ஒப்பந்தத்துக்கு அப்புறம் ஆஸ்திரேலியா சரக்குக்குப் படிப்படியாக் குறையுது. ஆனாலும் அதே காசுக்கு நாசிக் பாட்டில் மேல்ங்கறது என் கட்சி.

இதெல்லாம் மேல்நாட்டுப் பழக்கம்னு பின்னூட்டத்துல திட்ட வர்றவங்களுக்கு: திருவான்மியூர்லேர்ந்து ஈசிஆர்லயே போனா புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேடு. 1945-ல வீலர் தோண்டினப்போ மத்தியதரைக் கடல் பக்கத்து ஒயின் ஜாடிகள் கிடைச்ச இடம். யவனர் கொண்டுவந்த தேறலைப் பத்திப் புறநானூறுலயே இருக்கு.

சரி, கொசுவத்தி சுத்தற நேரம்.

எனக்குச் சொந்த ஊர் கம்பம் பள்ளத்தாக்கு. பன்னீர் திராட்சை ஊர், 2023-ல புவிசார் குறியீடு கூட வாங்கியாச்சு. அப்பா திராட்சைக் கமிஷன் மண்டியில கணக்கு எழுதினவர். கவாத்து, மழை, அழுகல் இதெல்லாம் எங்க வீட்டுல சாப்பாட்டு நேரப் பேச்சு. அப்பாவுக்குத் தினம் ஒரு குவாட்டர் பிராந்தி. பிராந்தின்னா திராட்சையில வடிக்கறது. நம்மூரு மலிவு பிராந்தி பெரும்பாலும் கரும்பாலை மொலாசஸ்ல வடிச்ச சாராயத்துல கலர் போட்டது. திராட்சைக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு கரும்புக் கழிவைக் குடிச்சார். 2008 தீபாவளிக்கு மறுநாள் நிறுத்தினார். அன்னிக்கு வீட்டுல என்ன நடந்துதுன்னு இங்கே எழுதப் போறதில்லை. நான் அப்போ ஆறாவது.

போன மாசம் கண்புரை ஆபரேஷனுக்காக அப்பா இங்கே வந்து பத்து நாள் தங்கினார். காலையில அஞ்சு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்தவர் பால்கனியைப் பார்த்திருக்கார். பதினோரு காலி பாட்டில், நாலுல மணி பிளாண்ட்.

"தம்பி, இதெல்லாம் யாரு குடிச்சது?"

"நாந்தாம்ப்பா. இது சரக்கு இல்லப்பா, ஒயினு. ருசி பாக்கறதுக்கு."

"ம்."

அந்த 'ம்' பகல் முழுக்க என்னைக் கொன்னுது. சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டுப் போய் எதிர்ல உக்காந்து விளக்கினேன். இது ஆராய்ச்சி, இது வேற. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தவர், "ஊத்து பாப்போம்"னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. பன்னண்டாவது பாட்டிலைத் திறந்து ரெண்டு விரக்கடை ஊத்தினேன், கை நடுங்கிச்சு. வாங்கினவர் வாய்க்குக் கொண்டு போகலை. மூக்குக்குக் கீழே ரொம்ப நேரம் வெச்சிருந்தார்.

"நாவப்பழம். பச்ச மிளகு. மழ பேஞ்ச மண்ணு கொஞ்சம். தோலு நெறைய நாள் ஊறிருக்கு."

மூணு மாசமா நான் தேடின குறிப்பு. ஒரே மோப்பத்துல. கிளாஸை ஒரு விரலால என் பக்கம் தள்ளிட்டு, "எனக்குக் கண்ணு தெரியாது, அந்தப் பட்டியல நீயே வாசி"ன்னார்.

வாசிச்சேன். பேர், ஊர், மார்க். "கடேசியில என்னமோ இருக்குன்னியே?"

"எத்தனை நாள்ல காலியாச்சுன்னுப்பா."

"அதையும் வாசி."

அஞ்சு. அஞ்சு. நாலு. அஞ்சு. மூணு. மூணு. ரெண்டு. ரெண்டு. ஒண்ணு. ரெண்டு. ஒண்ணு.

டைப் பண்ணினவன் நாந்தான், ஆனா காதால கேட்டது அன்னிக்குத்தான்.

"நானும் மொதல்ல ஞாயித்துக்கெழம மட்டுந்தான்னு இருந்தேன்"னார். அவ்வளவுதான். எழுந்து போய் இட்லிக்குச் சட்னி இருக்கான்னு பார்த்தார்.

ராத்திரி தூக்கம் வரலை, கணக்குப் போட்டேன். ஒயின் 750 மில்லி, 13 சதவீதம்: 97.5 மில்லி ஆல்கஹால். குவாட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம்: 77. அதாவது ஒரே நாள்ல காலியான என் பதினோராவது பாட்டில், அப்பாவோட குவாட்டரைவிட அதிகம். என் பாட்டில்ல லேபிள் அழகா இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

பன்னண்டாவது பாட்டிலை மறுநாளே தொட்டியில ஊத்திட்டேன். ஆயிரத்து முந்நூறு ரூபாய், வயிறு எரிஞ்சுது. அந்த வரியில மார்க் இல்லை, குறிப்பு மட்டும் அப்பா சொன்னபடி அப்படியே இருக்கு. எலீட் கடைப் பக்கம் மூணு வாரமாப் போகலை. சாயங்காலம் ஆறரை ஆனா பீச்சுப் பக்கம் நடந்துடறேன், ஏன்னா ரூம்ல இருந்தா ஏழு மணிக்கு நாக்கு தேடுது. நிஜமாத் தேடுது, அதை மறைக்கலை.

அடுத்த மாசம் செக்கப்புக்கு அப்பா வர்றார். ரெண்டு கிலோ பன்னீர் திராட்சை கொண்டு வர்றாராம். ஷீட்ல ஒரு வரி காலியா விட்டு வெச்சிருக்கேன், குறிப்பு அவர்தான் சொல்லணும்.