குட்டி யானையின் அடிவயிறு

சரக்கு வண்டியில் துரு முதலில் பிடிப்பது கண்ணில் படும் இடத்தில் அல்ல. கேபினும் பக்கக் கதவுகளும் பளபளப்பாக இருக்கும்போதே, சேசிஸின் மேல் விளிம்புக்கும் அதன்மேல் உட்காரும் பாடியின் குறுக்குச் சட்டத்துக்கும் இடையில் அது வேலையைத் தொடங்கிவிடும். மட்கார்டின் மடிப்பு, பாக்ஸ் பைப்பின் உட்புறம், பின்கதவின் கீல், தரைத் தகட்டின் அடிப்பக்கம் ஆகியவை அடுத்தடுத்த இடங்கள். தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாத இடங்கள் இவை. சேலம், நாமக்கல் வட்டாரத்துப் பட்டறைகளில் 'குட்டி யானை' எனப்படும் டாடா ஏஸையோ பொலிரோ பிக்கப்பையோ குழியின் மேல் நிறுத்திக் கீழிருந்து விளக்கடித்துப் பார்த்தால், ஏறக்குறைய இதே வரிசையில்தான் செம்பழுப்புப் பொருக்குகள் தென்படும்.

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். உப்புக் கரைந்த நீரில் மின்சாரம் எளிதாகப் பாய்வது ஒரு காரணம். குளோரைடு, இரும்பின் மேல் படிந்திருக்கும் மெல்லிய காப்புப் படலத்தைத் துளைத்துவிடுவது இன்னொன்று. மூன்றாவது பலரும் கவனிக்காதது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். மழையே பெய்யாத ஐப்பசி இரவிலும் உப்புப் படிந்த தகடு நனைந்தே கிடக்கும் என்பது இதன் பொருள். உண்டாகும் துருவும் தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். இரண்டு தகடுகளின் நடுவே அது வளர்ந்தால் போல்ட்டால் இறுக்கிய சட்டம்கூட விலகிக்கொடுக்கும்.

குளிர்நாடுகளில் இந்த உப்பைச் சாலையே கொண்டுவந்து பூசுகிறது. பனி உறையாமலிருக்க அமெரிக்காவிலும் கனடாவிலும் குளிர்காலம் முழுவதும் சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். கடுங்குளிரில் சாதாரண உப்பு பயன் தராதபோது கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் இடம்பிடிக்கின்றன. இவற்றில் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியும். வண்டியின் அடியில் ஒட்டினால் காய்வதே இல்லை. (சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லும் மெக்னீசியச் சேர்மம்தான். ஆனால் அது கார்பனேட், தண்ணீரில் கரையாத சாது.) டொயோட்டாவின் டகோமா பிக்கப் உள்ளிட்ட வண்டிகளின் சேசிஸ் துருவேறி ஓட்டை விழுந்த வழக்கு, சுமார் 15 லட்சம் வண்டிகளைத் தொட்டு, 2016-இல் அமெரிக்காவில் சமரசத்துக்கு வந்தது. பழுதான சட்டங்களை மாற்றித் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. டொரொண்டோவில் வண்டி வைத்திருக்கும் தமிழர்களுக்கு, பனிக்காலம் தொடங்கும் முன் அடிப்பாகம் முழுக்க எண்ணெய் அடித்துக்கொள்வது ஆண்டுச் செலவுகளில் ஒன்று.

கடற்கரையிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் கிடக்கும் சேலம் சமவெளியில் பனியும் இல்லை, உப்புக்காற்றும் இல்லை. இங்கே உப்பு மேலிருந்து வருகிறது, சரக்காக. தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வரும் லோடு, பெட்டியில் உருகும் பனிக்கட்டியோடு சொட்டும் மீன் தண்ணீர், உரமூட்டை ஆகியவை எல்லோரும் அறிந்தவை. இவற்றோடு நாமக்கல்லுக்கே உரிய ஒன்று உண்டு: கோழி எரு. பண்ணைகளிலிருந்து தோட்டங்களுக்கு எரு ஏற்றிச் செல்லும் வண்டியின் தளம் அம்மோனியாவிலும் உப்பிலும் ஈரத்திலும் ஊறுகிறது. உடைந்த முட்டையின் குழம்பும் அதனடியில் விரித்த வைக்கோலும் சேர்ந்தால் தகட்டின் மேல் ஈரம் நாள்கணக்கில் நிற்கும்.

போதாக்குறைக்கு வாட்டர் சர்வீஸ். பல இடங்களில் வண்டியைக் கழுவுவது உப்பேறிய போர் தண்ணீரில். சேற்றை அது நன்றாகவே அகற்றும். காய்ந்தபின் வெள்ளைப் பூப்பாகத் தன் உப்பை விட்டுச் செல்லும். கழுவாமல் விடுவதைவிடக் கழுவுவது மேல்தான். எனினும் கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் பிடித்தால் பலன் தெரியும். உப்பு லோடு இறக்கிய வண்டிக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

லாரிக்குப் பாடி கட்டும் தொழிலால் நாடறிந்த ஊர் நாமக்கல். 1997-இல் தனி மாவட்டமாவதற்கு முன்பே, சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த காலத்திலேயே, அந்தப் பெயர் நிலைபெற்றுவிட்டது. தொழிற்சாலையிலிருந்து கேபினோடு அல்லது வெறும் சேசிஸாக வரும் வண்டி இங்கேதான் உடம்பு பெறுகிறது. வெல்டர், டிங்கர், மரவேலைக்காரர், பெயிண்டர், எலக்ட்ரீசியன் என ஒரே கொட்டகையின்கீழ் பல கைகள். ஒருவர் வேலை முடித்துத் தள்ளிக்கொடுத்தால்தான் அடுத்தவர் தொட முடியும். துருவைத் தடுக்கும் வேலைக்கு மட்டும் தனியாள் கிடையாது. அது வெல்டரின் கவனத்துக்கும் பெயிண்டரின் பொறுமைக்கும் நடுவே விழுந்து கிடக்கிறது.

இந்த இடைவெளியின் விளைவு பூச்சில் தெரியும். தொழிற்சாலைக் கேபின் முழுதும் தொட்டியில் முக்கி மின்பூச்சு ஏற்றப்பட்டது. அதன் மூலைமுடுக்கெல்லாம் பெயிண்ட் நுழைந்திருக்கும். பட்டறையில் கட்டிய பாடிக்கு அந்த வசதி இல்லை. பெயிண்ட் கன் எட்டும் இடம் வரைதான் காப்பு. பாக்ஸ் பைப்பைச் சுற்றிலும் வெல்டு வைத்து மூடிவிட்டால் உள்பக்கம் பச்சை இரும்பாகவே நிற்கும். வெல்டு சூட்டில் ஏற்கெனவே இருந்த பூச்சும் கருகிப்போகும். அதனால் தேர்ந்த கை, குறுக்குச் சட்டங்களைப் பூட்டுவதற்கு முன்பே அவற்றின் அடிப்பக்கத்துக்கு ப்ரைமர் அடித்துவிடும். பூட்டிய பிறகு அங்கே எந்தப் பிரஷும் போகாது.

பழைய வண்டிக்கு வேலை தட்டிப் பார்ப்பதில் தொடங்குகிறது. டிங்கர் சிறிய சுத்தியலால் தகட்டை அடி அடியாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகடு கணீரென்னும். மெலிந்த இடத்தில் சத்தம் அமுங்கும். அமுங்கிய இடத்தைச் சுற்றி, நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கிறார்கள். ஓட்டையின் மேலேயே ஒரு துண்டை ஒட்டுப்போடுவது பாதி நேரத்தில் முடியும். ஆனால் பழைய தகட்டுக்கும் ஒட்டுக்கும் நடுவே புதிய ஈரப்பை ஒன்று உருவாகும்.

அடுத்தது சுரண்டல். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டிப் பொருக்கை உதிர்த்து, மூலைகளை உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். முழுதும் போக்க முடியாத குழிகளில் துருமாற்றித் திரவம் தடவுவதுண்டு. அதிலிருக்கும் பாஸ்பாரிக் அமிலமோ டானினோ துருவைக் கருநிறச் சேர்மமாக இறுக்கிவிடும். கடுக்காயில் நிறைந்திருப்பதும் அதே டானின்தான். இரும்போடு அது சேர்ந்து கறுப்பதை மை காய்ச்சியவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். குழியில் உப்பு தங்கியிருந்தால் மட்டும் எந்தத் திரவமும் உதவாது. பூச்சுக்கு அடியில் துரு மறுபடி கொப்புளிக்கும். சுரண்டியதும் தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, அன்றே ப்ரைமர் அடிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பட்டறைகளில் அதிகம் புழங்கும் ப்ரைமர் ரெட் ஆக்சைடு. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். அதன் செந்நிறம் இரும்பு ஆக்சைடின் நிறமே. அந்த நிறமி இரும்பைக் காப்பதில்லை. நிறமியைப் பிடித்திருக்கும் பிசின் படலம்தான் ஈரத்தை மறிக்கிறது. படலத்தில் கீறல் விழுந்தால் காப்பும் அத்தோடு முடிந்தது. துத்தநாகம் செறிந்த ப்ரைமர் வேறு வகை. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் தான் கரைந்து இரும்பைக் காக்கும். எபாக்ஸி இரண்டுக்கும் மேலாக ஒட்டிக்கொள்ளும். அதைச் சரியான அளவில் கலக்கவும், காய நேரம் கொடுக்கவும் வேண்டும். அவசர வேலையில் இவ்விரண்டுக்கும் இடமில்லை.

அவசரம் பெரும்பாலும் எஃப்.சி.யால் வருகிறது. சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அந்த நாளை ஒட்டியே வண்டி பட்டறைக்கு வருகிறது. பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, எழுத்து எழுதி, மூன்றாம் நாள் புது மாப்பிள்ளையாக வெளியே போகிறது. அடிப்பாகத்துக்குத் துருவின் மேலேயே ஒரு கோட் கறுப்பு. சான்று கிடைத்துவிடும், துரு தடையின்றித் தொடரும். வண்டி உரிமையாளர் ஒருநாள் ஓட்டம் நின்றால் தவணை இடிக்கும் என்று கணக்குப் பார்ப்பது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனாலும் பக்கவாட்டு அலங்காரத்துக்குப் போகும் பெயிண்டில் ஒரு பங்கு அடிவயிற்றுக்குப் போனால் அடுத்த எஃப்.சி.க்கு வெட்டி எடுக்கும் தகடு குறையும்.

சேசிஸில் பழைய இன்ஜின் ஆயிலை டீசலில் கலந்து அடிப்பது ஓட்டுநர்களிடையே நெடுநாள் பழக்கம். ஓரளவு காக்கவும் செய்கிறது. ஆனால் அது ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், தூசியைச் சேர்த்துப் பசையாக்கும், சொட்டும் இடமெல்லாம் மண்ணைக் கெடுக்கும். கழிவு எண்ணெய் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. அதே வேலையை மெழுகு கலந்த அண்டர்பாடி கோட்டிங் சுத்தமாகச் செய்யும். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கத்துக் கார்க்காரர்கள் கேட்டு வாங்கும் இந்தப் பூச்சு, கல்லும் சேறும் தின்னும் பிக்கப்புக்குத்தான் கூடுதல் தேவை. தார் கலந்த தடிமனான வகைக்கு ஒரு குறை உண்டு: ஈரத் தகட்டின் மேல் பூசினால் அது ஈரத்தையும் சேர்த்து மூடிவிடும்.

கஞ்சமலை அடிவாரத்து உருக்காலையில் 1981 முதல் எவர்சில்வர் தகடு உருட்டும் சேலத்தில், வண்டியின் தளத்துக்கு அதையே போட்டால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். பால் டேங்கர்களுக்கு அது கட்டுப்படியாகிறது. எரு ஏற்றும் வண்டிக்கு விலை இடிக்கும். போட்டாலும் சாதா இரும்பு போல்ட்டால் பூட்டக் கூடாது. பரந்த எவர்சில்வர் தகட்டோடு உப்பீரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் சிறிய இரும்பு போல்ட் மிக விரைவில் கரைந்துபோகும்.

பெரும்பாலான வண்டிகளுக்குக் கைக்கெட்டும் வழிகள் எளியவை. பாடியின் பாக்ஸ் பைப்புகளில் தாழ்ந்த இடத்தில் வடிகால் துளை வேண்டும். சேசிஸில் மட்டும் துளையோ வெல்டோ கூடாது. பாடியை யு போல்ட்டால்தான் பிடிக்க வேண்டும். சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் வைக்கும் மரக்கட்டை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நிற்பதால் அதற்குப் பதில் ரப்பர் நல்லது. தளத்தின் மேல் இரண்டாவது தகடு போடுபவர்கள் அதைக் கழற்றிக் கழுவும்படி பூட்டலாம். சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தில் பட்டியோ கெட்டிப் பெயிண்டோ படாமல் கிரீஸ் மட்டும் தடவி வைக்க வேண்டும். எஃப்.சி.யில் அந்த எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்கிறார்கள். துரு அதைத் தின்றுவிட்டால் நல்ல வண்டிக்கும் அலைச்சல்தான்.