சேஃப்டி இருந்தால் போதுமா?

வீட்டில் பழைய பூட்டு ஒன்று திறக்க மறுத்தால் என்ன செய்வோம்? இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுவோம். அதற்கும் மசியவில்லை என்றால் பலம் கொண்ட மட்டும் சாவியைத் திருகுவோம். மிஞ்சிப் போனால் சாவி உடையும், அவ்வளவுதான். ஆனால் பழைய துப்பாக்கி ஒன்றின் 'சேஃப்டி' இறுகிக்கொண்டால் இந்தக் கை வைத்தியம் உதவாது. அங்கே போவது ஓர் உயிராகக் கூட இருக்கலாம்!

சேஃப்டி என்பது துப்பாக்கியில் இருக்கும் ஒரு சின்ன நெம்புகோல். சினிமாவில் கதாநாயகன் சுடுவதற்கு முன் 'க்ளிக்' என்று தள்ளுவாரே, அதேதான். அதைப் பூட்டிய நிலையில் வைத்தால், டிரிக்கரை இழுத்தாலும் குண்டு பாயக் கூடாது. இதுதான் அதன் வேலை.

பழைய துப்பாக்கிகளில் இது ஏன் இறுகுகிறது? பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்ததால் உள்ளே விட்ட எண்ணெய் கோந்து போல் கெட்டியாகியிருக்கும். அல்லது துரு, தூசி, தேய்ந்த பாகம். சில சமயம் அது பழுதே இல்லை. 1898ஆம் ஆண்டு ஜெர்மனியின் மவுசர் ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஊசி பின்னால் இழுக்கப்பட்டுச் சுடத் தயாராக இல்லாவிட்டால், அதன் சேஃப்டியைப் பூட்டவே முடியாது. விஷயம் தெரியாதவர் அதைப் பழுது என்று நினைத்து இடுக்கியைத் தூக்குவார்!

அந்த மவுசரில் இன்னொரு நல்ல விஷயமும் உண்டு. அதன் சேஃப்டிக்கு மூன்று நிலைகள். ஒரு பக்கம் சாய்த்தால் சுடலாம். மறுபக்கம் சாய்த்தால் எல்லாமே பூட்டிக்கொள்ளும். நடுவில் நிமிர்த்தி வைத்தால் ஊசி மட்டும் பூட்டியிருக்கும், ஆனால் போல்ட்டைத் திறந்து தோட்டாக்களை வெளியே எடுக்கலாம். அதாவது, பாதுகாப்பை விலக்காமலேயே துப்பாக்கியைக் காலி செய்யலாம்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 1962இல் ரெமிங்டன் நிறுவனம் 'மாடல் 700' என்ற வேட்டை ரைஃபிளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. லட்சக்கணக்கில் விற்றது. இதன் சேஃப்டிக்கு இரண்டே நிலைகள். 1982 வரை செய்த துப்பாக்கிகளில், சேஃப்டியைப் பூட்டினால் போல்ட்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் தோட்டாவை எடுக்க வேண்டுமா? முதலில் சேஃப்டியை விலக்க வேண்டும்! எல்லாம் சரியாக வேலை செய்யும்போது இதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அதன் டிரிக்கருக்குள் ஒரு சின்ன இணைப்புத் துண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறது. தூசியோ உறைந்த எண்ணெயோ சேர்ந்து அது தன் இடத்துக்குத் திரும்பாமல் போனால், ஊசியைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது. அப்போது சேஃப்டி மட்டும்தான் தடுத்துக்கொண்டிருக்கும். அதை விலக்கினால்..?

2000ஆம் ஆண்டு அக்டோபர். மொன்டானா மாநிலத்தில் ஒரு குடும்பம் வேட்டை முடிந்து முகாமுக்குத் திரும்பியது. தாய் தன் மாடல் 700 ரைஃபிளைக் காலி செய்யலாம் என்று சேஃப்டியைத் தள்ளினார். துப்பாக்கி வெடித்தது. எதிரே நின்ற, குதிரைகளை ஏற்றிச் செல்லும் டிரெய்லர் வண்டியைத் துளைத்துச் சென்ற குண்டு, அதன் மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்த அவருடைய 9 வயது மகன் மீது பாய்ந்தது. சிறுவன் இறந்துவிட்டான். டிரிக்கரில் தன் விரல் இல்லை என்றார் தாய்.

அவர் செய்தது என்ன தவறு? துப்பாக்கியைக் காலி செய்ய நினைத்தார். அது பொறுப்பான செயல்தானே! 1898ஆம் ஆண்டு மவுசரிலேயே இருந்த நடு நிலை அந்தத் துப்பாக்கியில் இல்லாமல் போனதுதான் கொடுமை. 1982க்குப் பிறகு வந்த துப்பாக்கிகளில் போல்ட் பூட்டை நிறுவனம் எடுத்துவிட்டது. ஆனால் அதற்கு முன் விற்றவை வீடுகளிலேயே இருந்தன. 2002இல்தான், சிறுவன் இறந்த பிறகு, அவற்றிலும் அந்தப் பூட்டை நீக்கித் தரும் திட்டம் வந்தது. பின்னர் நடந்த வழக்கின் சமரசத்தில், டிரிக்கரை இலவசமாக மாற்றித் தரவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனால் தவறை ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, சேஃப்டி இறுகிய துப்பாக்கி ஒன்று கையில் இருந்தால் என்ன செய்வது? முதலில் அதில் தோட்டா இருக்கிறது என்றே நினைக்க வேண்டும். குழல் ஆள் இல்லாத பக்கம் பார்த்து இருக்க வேண்டும். "நடுவில்தான் சுவர் இருக்கிறதே, வண்டி இருக்கிறதே" என்ற சமாதானமெல்லாம் கூடாது. விரல் டிரிக்கர் பக்கமே போகக் கூடாது. போல்ட் திறந்தால் தோட்டாக்களை எடுத்துவிட்டு, உள்ளே கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். திறக்கவில்லை என்றால் சுத்தியலும் வேண்டாம், இடுக்கியும் வேண்டாம். துப்பாக்கி பழுது பார்ப்பவரை அந்த இடத்துக்கு வரவழைப்பதே நல்லது. இத்தனை சிரமமா என்று தோன்றலாம். தூசி படிந்தால் நின்றுபோகிற ஒரு சின்ன இரும்புத் துண்டை நம்புவதை விட இது எவ்வளவோ மேல்!

சேஃப்டி ஓர் இயந்திரம். இயந்திரம் என்றால் ஒருநாள் பழுதாகும். குழல் யாரையும் பார்க்காமல் இருந்தால், அது பழுதாகும் நாளிலும் எல்லோரும் வீடு திரும்பலாம்.