பனிக்குக் காத்திருந்த அவரை

“49 வயசுக்கு மேல மண்வெட்டி பிடிக்கப் போறியாக்கும்!” என்று என்னவர் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அவர் கேட்டதிலும் தப்பில்லை. மதுரையில் எங்கள் வீட்டில் அதுவரை நான் வளர்த்தது ஒரே ஒரு துளசி!

மகளுக்குக் கல்யாணமாகிப் போய்விட்டாள். மகன் வெளியூரில் வேலை. மாடிப்படி ஏறினால் முழங்கால் வலி. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக டாக்டர் சொன்னார். அம்மாவும் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகியிருந்தது. பகல் ஒரு மணிக்குமேல் வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும்தான் கேட்கும். “எதையாவது செய்யேன்” என்று மகள் போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்படித்தான் போன பங்குனியில் மொட்டை மாடியில் ஆறு பைகளில் மண் நிரப்பினேன்.

மதுரை வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? தக்காளி சித்திரையிலேயே கருகிவிட்டது. கத்தரி பிஞ்சு விடாமல் பூவை உதிர்த்தது. அரைக்கீரை மட்டும் மானத்தைக் காப்பாற்றியது. கடையில் வாங்கிப் போட்ட கொடி அவரையோ, துணி காயப்போடும் கம்பி முழுக்கப் படர்ந்து பச்சைப் பசேலென்று நின்றது. ஆனால் ஒரு பூ? மருந்துக்குக்கூட இல்லை! ஆனி மாதம் வரை பார்த்துவிட்டு, “மலட்டுக் கொடி, வெட்டிப் போடு” என்றார் இவர். ‘ஊரிலிருந்து வந்ததும் வெட்டிவிடலாம்’ என்று நினைத்துக்கொண்டே பெட்டியைக் கட்டினேன்.

ஊர் என்றால் பெரியகுளம். நான் பிறந்த வீட்டை விற்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடத்தான் அந்தப் பயணம். ஆடி பிறந்துவிட்டால் பத்திரம் பதிய மாட்டார்கள் என்று ஆனிக் கடைசியில் நாள் குறித்திருந்தான் தம்பி. அவன் மகள் படிப்புக்குப் பணம் வேண்டும். எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனாலும் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்தே தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது.

மல்லிகைக்குப் பேர்போன நிலக்கோட்டைப் பக்கம், பிறகு வத்தலக்குண்டு. அதைத் தாண்டினால் வலது பக்கம் கொடைக்கானல் மலை கூடவே வரும். தேவதானப்பட்டியில் மூங்கிலணை காமாட்சியம்மன் கோயில். அங்கே கருவறைக் கதவைத் திறப்பதில்லை. சாத்திய கதவுக்குத்தான் பூஜை. சின்ன வயசில் அம்மாவோடு போய், ‘கதவுக்குப் பின்னாடி அம்மன் என்ன செய்வாள்?’ என்று நச்சரித்தது ஞாபகம் வந்தது. அப்புறம் மாந்தோப்புகள். வராக நதி ஊரைத் தென்கரை, வடகரை என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஆற்றில் அன்று கணுக்கால் நனையும் தண்ணீர்தான். பாலசுப்பிரமணியர் கோயில் பக்கம் மருத மரம் மட்டும் அப்படியே நின்றது.

வீட்டில் சாமான்களை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். கொல்லைப்புறத்தில் அம்மா போட்ட அவரைப் பந்தலின் நான்கு கம்புகள் மட்டும் சாய்ந்து கிடந்தன. அடுக்களைப் பரணில் கையை விட்டுத் துழாவினேன். ஒரு பித்தளை டப்பா அகப்பட்டது. திறந்தால் சாம்பல்! கையை விட்டுப் பார்த்தேன். சாம்பலுக்குள் அவரை விதைகள். அம்மா கடைசியாக எடுத்து வைத்த தை மாத விதை. ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எண்ணிப் பார்த்தேன், 21.

எதிர் வீட்டுப் பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். காப்பியைக் கொடுத்துவிட்டு என் மாடித் தோட்டத்துக் கதையைக் கேட்டுச் சிரித்தார்கள்.

“அடி போடி! அவரைக்குப் பனி விழணும்த்தா. நீ பங்குனியில போட்டாலும் சரி, ஆடியில போட்டாலும் சரி, அது கார்த்திகையைப் பாத்துத்தான் பூக்கும். பூக்கலேன்னு கொடிய வெட்டுறதாக்கும்! உங்கம்மா கேட்டா வஞ்சிருப்பா.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. 49 வருஷம் அவரைக்காய் தின்றிருக்கிறேன், இது தெரியவில்லையே!

பத்திரம் முடிந்த மறுநாள், தம்பி என்னைத் தோட்டக்கலைக் கல்லூரிக்கு அழைத்துப் போனான். பி.கே.எம்.1 என்ற செடிமுருங்கை அங்கே உருவானதுதான், பி.கே.எம். என்பதே பெரியகுளத்தைக் குறிக்கும் எழுத்துக்கள். விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்கும். இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்து நிறையக் காய்க்கும் என்றார்கள். பத்து விதை வாங்கிக்கொண்டேன். அவரை விஷயத்தையும் கேட்டேன். பெரியம்மா சொன்னது சரிதானாம். ஆனால் காரணம் பனியல்ல; பகல் பொழுது சுருங்கி இரவு நீள்வதுதான் கணக்காம். நம் பழைய பந்தல் அவரை அதற்குப் பிறகுதான் பூக்கும். குட்டையாக வளரும் செடி அவரை ரகங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. எந்தப் பருவத்திலும் காய்க்கும்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக மாடிக்கு ஓடினேன். நல்லவேளை, கொடி நின்றது! ஆடி பிறந்ததும் அம்மாவின் 21 விதைகளையும் நாலு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து ஊன்றினேன். மூன்று நாள், ஐந்து நாள், ஒன்றுமில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை. வீடு கைவிட்டுப் போனபோது வராத அழுகை, அந்தக் காலிப் பையைப் பார்த்து வந்தது. ஏழாம் நாள் காலை மண்ணைப் பிளந்துகொண்டு ஒன்று தலை நீட்டியது. மொத்தம் எட்டு முளைத்தன. எட்டு போதாதா?

இந்தத் தடவை விஷயம் தெரிந்து செய்தேன். உங்களுக்கும் உதவுமே என்று எழுதுகிறேன். செம்மண், மட்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தடவை தண்ணீரில் அலசினால்தான் அதிலுள்ள உப்பு போகும். கொடி அவரைக்குச் சின்னப் பை போதாது. பெரிய பெயிண்ட் வாளியின் அடியில் துளை போட்டு வைத்தேன். தளம் ஊறாமல் இருக்க வாளிக்கு அடியில் செங்கல். பாரம் நடு மாடியில் சேராமல் சுவரோரமாக வரிசை. அரிசி கழுவிய தண்ணீர் அவ்வப்போது. ‘பாவம், வளரட்டும்’ என்று சாணி உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். இலைதான் மண்டும். அசுவினிப் பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளிக்கலாம்.

முருங்கையை வாசலோரம் இருந்த துளி மண்ணில் ஊன்றினேன். மீதி விதைகளைத் தெருவில் பங்கு போட்டுக் கொடுத்தேன்.

கார்த்திகையில் தம்பி போன் செய்தான். “அக்கா, வாங்கினவங்க வீட்டை இடிச்சுட்டாங்க” என்றான். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அதற்குப் பத்து நாள் கழித்து, விடிகாலையில் இவர் மாடியிலிருந்து கத்தினார், “ஏய், இங்க வா, சீக்கிரம்!” என்னவோ ஏதோ என்று ஓடினேன். அம்மாவின் கொடியில் ஊதாப் பூங்கொத்து! அந்தப் பக்கம் பார்த்தால், ‘மலட்டுக் கொடி’யிலும் வெள்ளை வெளேரென்று பூ! பங்குனியில் போட்டதும் ஆடியில் போட்டதும் ஒரே வாரத்தில் பூத்திருந்தன. நாலு மாதம் முந்தி வந்தது ஒன்றையும் முந்திவிடவில்லை. பிந்தி வந்ததும் ஒன்றையும் இழந்துவிடவில்லை.

மார்கழியில் முதல் பறிப்பு. தேங்காய் தூவிப் பொரியல் செய்தேன். இவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். இப்போது தண்ணீர் ஊற்றுவது அவர் டிபார்ட்மெண்ட்!

சர்க்கரை சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். தோட்டம் மருந்தல்ல, சகோதரிகளே. டாக்டர் சொல்லும் பரிசோதனையும் மாத்திரையும் அதன் பாட்டுக்கு நடக்கின்றன. ஆனால் காலை ஆறு மணிக்கு என்னை எழுப்ப ஓர் ஆள் கிடைத்துவிட்டது. முழங்கால் வலிக்கிறது, இருந்தும் படி ஏறுகிறேன்.

தையில் முற்றிய நெற்றுகளைக் காயவைத்து, சாம்பலில் புரட்டி, அதே பித்தளை டப்பாவில் போட்டிருக்கிறேன். ஒரு பொட்டலம் தம்பி மகளுக்கு, ஒன்று பெரியம்மாவுக்கு. உங்கள் அம்மா வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டப்பா இருக்கும். அடுத்த தடவை போகும்போது கையை விட்டுத் துழாவிப் பாருங்களேன். கிடைத்தால் ஆடியில் ஊன்றுங்கள். பூக்கவில்லையே என்று ஐப்பசியில் மட்டும் வெட்டிவிடாதீர்கள்!