கூழாங்கல் சுவரும் சுண்ணாம்புச் சாந்தும்

நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ஒன்டாரியோ ஏரிக்குத் தெற்கே உள்ள கிராமங்களில், கூழாங்கல் பதித்துக் கட்டிய பழைய வீடுகள் சாலையோரம் இன்றும் நிற்கின்றன. வட அமெரிக்கா முழுவதிலும் இவ்வகைக் கட்டடங்கள் சுமார் 900 இருக்கலாம். அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு ரோச்செஸ்டர் நகரத்திலிருந்து 75 மைல் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. ஏறக்குறைய எல்லாமே 1825க்கும் 1860க்கும் இடையில் எழுந்தவை. ஒரு கட்டடக்கலை இவ்வளவு சிறிய வட்டாரத்தில், ஒரு தலைமுறைக் காலத்துக்குள் பிறந்து, செழித்து, ஓய்ந்துபோனது அபூர்வம்.

கல்லைக் கொண்டுவந்து சேர்த்தது பனியுகம். வடக்கிலிருந்து இறங்கிய பனிப்பாளங்கள் பாறைகளை உடைத்து உருட்டி இந்த நிலமெங்கும் கொட்டிவிட்டுப் பின்வாங்கின. பனி உருகிய நீரில் உண்டான பழைய ஏரியின் கரைமேடுதான் இன்று ‘ரிட்ஜ் ரோடு’ எனப்படும் 104ஆம் எண் சாலை. காட்டைத் திருத்தி உழ வந்த குடியேறிகளுக்குக் கொழு பட்ட இடமெல்லாம் கல்லாகவே இருந்தது. பொறுக்கி வேலியோரம் குவித்தார்கள். 1825இல் ஈரி கால்வாய் திறந்ததும் அவர்களுடைய கோதுமை நியூயார்க் நகரச் சந்தைக்குப் போனது. கையில் பணம் வந்ததும் மரக்கட்டைக் குடிசையை விட்டு நிலையான வீடு கட்டும் ஆசையும் வந்தது.

கால்வாய் வேலை முடிந்து கை ஓய்ந்த கொத்தனார்களே இந்தத் தொழிலைத் தொடங்கினார்கள் என்பது அந்த வட்டாரத்தில் வழங்கும் கதை. அது மட்டுமே போதுமான விளக்கம் ஆகாது. வீடுகளில் பெரும்பகுதி கால்வாய் முடிந்து பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்துக் கட்டியவை. தொழிலை வளர்த்தவர்கள் அங்கேயே தங்கி, ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துப் போட்டி போட்ட கொத்தனார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

சுவரை அருகில் நின்று பார்த்தால் அதன் அமைப்பு புரியும். கனம் ஒன்றரை அடி அளவு. உள்ளே ஒழுங்கற்ற பெரிய கற்களும் சாந்தும் சேர்ந்த கட்டு. வெளிமுகத்தில் மட்டும் ஒரு கையில் அடங்கும் கூழாங்கற்கள், வரி வரியாக. நீண்ட கல்லாகத் தேர்ந்து, அதன் நீளப் பக்கத்தை உள்ளே செலுத்தி, முனை மட்டும் வெளியே தெரியும்படி வைப்பார்கள். கண்ணுக்குத் தெரிவது இரண்டு அங்குலம். சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரியாத பகுதி. உருண்டைக் கல்லால் மூலையை நேராக நிறுத்த முடியாது. அதனால் நான்கு மூலைகளிலும், கதவு சன்னல்களைச் சுற்றியும் செதுக்கிய சுண்ணக்கல் அல்லது மணற்கல் வைத்தார்கள். வரிகளுக்கு இடையே சாந்தை நீள வரப்பாக, நடுவில் கூராக எழும்பும்படி கரணையால் இழுத்துவிட்டிருப்பதுதான் இந்த வேலையின் அழகு. சாய்வெயில் படும்போது ஒவ்வொரு வரப்பும் தன் நிழலைக் கீழே போட, சுவர் முழுவதும் கோடு போட்ட துணிபோலத் தெரியும்.

முதல் பத்தாண்டு வீடுகளில் வயலில் பொறுக்கிய கல்லே இருக்கும்; அளவும் நிறமும் கலந்திருக்கும். பிறகு ரசனை கூடியது. ஏரிக்கரையில் அலை தேய்த்து வழவழப்பாக்கிய சிறு கற்களை விவசாயிகள் மாட்டு வண்டியில் ஏற்றிவந்தார்கள். துளையிட்ட பலகையிலோ இரும்பு வளையத்திலோ விட்டுப் பார்த்து அளவுவாரியாகப் பிரித்தார்கள். குடும்பத்தில் குழந்தைகளுக்கும் இதில் பங்கு இருந்தது. 1845க்குப் பிந்திய வீடுகளில் ஒரே அளவுச் செங்கற்கள் அடுக்கியதுபோன்ற ஒழுங்கு தெரியும். சிலவற்றில் சிவப்பு மணற்கல் உருண்டைகளை மட்டும் தேர்ந்து பதித்திருப்பார்கள். நல்ல கல்லெல்லாம் தெருவைப் பார்க்கும் முகப்புக்கு. பக்கச் சுவருக்கும் பின்சுவருக்கும் வயல் கல் போதும் என்று விட்டுவிட்டார்கள். கிரேக்கக் கோயில் சாயல் அப்போது நாடெங்கும் பரவியிருந்ததால், வீட்டின் வடிவத்தில் அந்தச் சாயல் மிகுதி.

வேலை மெதுவாகத்தான் நடந்தது. சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி இறுக நாளாகும். கீழ்வரி பிடிப்பதற்குள் மேலே ஏற்றினால் உருண்டைக் கல் பாரம் தாங்காமல் நழுவிவிடும். ஆகவே ஒரு நாளில் சில வரிகளுக்கு மேல் எழுப்ப முடியாது. உறைபனிக் காலத்தில் வேலையே இல்லை. தொழில் நுணுக்கத்தை அந்நியர் முன் காட்டாமல், ஆள் வந்தால் கரணையைக் கீழே வைத்துவிடுவார்கள் என்று அந்தக் கொத்தனார்களைப் பற்றிச் சொல்வதுண்டு. இவ்வளவு கைவேலை கேட்கும் முறை, கூலி ஏறி, செங்கல்லும் மெல்லிய மரச்சட்ட வீடும் மலிவாகக் கிடைத்தபின் நிலைக்கவில்லை. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது தொழில் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

கூழாங்கல் கட்டடங்களை ஒரே இடத்தில் பார்க்க ஏற்ற ஊர் ஆர்லியன்ஸ் மாவட்டத்தின் சைல்ட்ஸ். 1834இல் எழுந்த கூழாங்கல் தேவாலயம், அதையடுத்த வீடு, 1849இல் கட்டி 1952 வரை பாடம் நடந்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் மூன்றும் அங்கே அருங்காட்சியகமாக உள்ளன. இவற்றைக் காக்க 1960இல் ஒரு சங்கம் அமைந்தது. 1993இல் இவை தேசிய வரலாற்றுச் சின்னம் ஆயின.

அருங்காட்சியகத்துக்கு வெளியே உள்ள வீடுகள் பெரும்பாலும் தனியார் குடியிருப்புகள். அவற்றுக்கு நேரும் கேடு பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு செய்யும் பழுதுபார்ப்பிலிருந்தே வருகிறது. பழைய சாந்து உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் கலவையை அடைக்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்து மெத்தென்றது. சுவரில் ஏறும் ஈரத்தைத் தன்வழியே வெளியே விடும். சிமெண்ட் கடினமானது, ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரியும்போது, விட்டுக்கொடுக்காத சிமெண்டோடு சேர்ந்து கல்லும் பெயர்ந்து விழும். மென்மையான மணற்கல்லானால் முகமே உரிந்துவிடும். கூரையும் மழைநீர்த் தூம்பும் ஒழுகாமல் இருப்பது சாந்தைப் பழுதுபார்ப்பதற்கும் முந்திய தேவை.

சரியான முறை உழைப்புக் கேட்பது. கெட்ட சாந்தை உளியால் கையாலேயே கொத்தி எடுக்க வேண்டும். இயந்திர அரம் ஓட்டினால் கல்லில் கீறல் விழும். பழைய சாந்தில் ஒரு துண்டை எடுத்து மணலின் நிறத்தையும் பருமனையும் பார்த்து, அதற்கு ஒத்த சுண்ணாம்புக் கலவை தயாரிக்க வேண்டும். இடுக்கை நனைத்து, சிறிது சிறிதாகத் திணித்து, பாதி இறுகிய நிலையில் பழைய வரப்பின் வடிவத்தைக் கரணையால் மறுபடி எழுப்ப வேண்டும். பிறகு வெயிலில் காயாமல் ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டும். அதே வீட்டின் பழைய வரப்புக்குப் பக்கத்தில் புதியதை இழுக்கும்போது கை சிறிது பிசகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் சிலரே.

சுண்ணாம்பில் கட்டிய பழைய வீடு உறைபனி இல்லாத செட்டிநாட்டில் இருந்தாலும், சிமெண்ட் ஈரத்தை அடைத்துவிடும் என்பதால் இதே விதிதான். அப்படியொரு வீடு வைத்திருப்பவர்கள் சிமெண்ட் மூட்டை வாங்குமுன், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துச் சுவரைக் காட்டுங்கள்.