மறுவும் மனமும்

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்க மண்டபத்தின் பின்வரிசையில் ஓர் இளந்தாய் அமர்ந்திருந்தார். அவர் மடியில் நான்கைந்து திங்கள் நிரம்பிய குழந்தை. தில்லியின் தைக் குளிருக்கு எல்லாக் குழந்தைகளும் குல்லாய் அணிந்திருந்தன. இக்குழந்தைக்கோ குல்லாயின் மேல் ஒரு கைக்குட்டையும் போர்த்தி, நெற்றியும் ஒரு கன்னமும் மறைக்கப்பட்டிருந்தன. யாரேனும் அருகில் வந்தால் தாயின் கை தானாகவே அத்துணியைச் சரிசெய்தது. ஒருமுறை துணி விலகியபோது உள்ளே சிவந்த மறு ஒன்று தெரிந்தது. அந்த அம்மையாரிடம் பேச எனக்கு அன்று துணிவு வரவில்லை. பேசாது வந்ததற்கு ஈடாகவே இதை எழுதுகின்றேன்.

அந்தக் கைக்குட்டை எனக்குப் புதிதன்று. இன்று மயிலாடுதுறை என வழங்கும் மாயூரத்தில் 1956-ஆம் ஆண்டு என் தங்கை பிறந்தாள். பிறந்தபோதே அவளுடைய வலக் கன்னத்திலிருந்து தாடை வரை நாவற்பழச் சாறு சிந்தியதுபோல் ஒரு மறு இருந்தது. "வளர வளர மறைந்துவிடும்" என்றனர் பெரியோர். அது மறையவில்லை, அவளோடு வளர்ந்தது, நிறமும் கறுத்தது. ஆறாம் வயதில் உறவினர் ஒருவர் சொற்கேட்டு அதன்மேல் சேங்கொட்டைப் பாலைத் தடவினார்கள். தோல் வெந்து கொப்புளித்தது. மறு இருந்தபடியே இருக்க, அதன் நடுவே ஒரு தழும்பும் சேர்ந்துகொண்டது. 1968-இல் குடும்பத்தோடு நாங்கள் எடுத்துக்கொண்ட நிழற்படத்தில் எல்லாரும் நேராகப் பார்த்திருக்க, அவள் மட்டும் முகத்தைத் திருப்பி இடக் கன்னத்தைக் காட்டி நிற்கிறாள். அவ்வாறு நிற்கச் சொன்னவன் நான்.

ஆண்டுகள் பல கழிந்தன. நான் அரசுப் பணிக்காகத் தில்லிக்கு வந்தேன். தங்கை ஊரிலேயே பள்ளி ஆசிரியை ஆனாள். 2020-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் தொடக்கத்தில் எனக்குப் பேத்தி பிறந்தாள். பிறந்த அன்று அவள் முகத்தில் ஒரு புள்ளியும் இல்லை. மூன்றாம் வாரத்தில் இடக் கண்ணின் மேலிமையில் கொசு கடித்தாற்போல் ஒரு செம்மை தோன்றியது. அடுத்த திங்களில் அது கொத்துக்கடலை அளவாயிற்று.

வீட்டில் பேச்சு எழுந்தது. 2019 டிசம்பர் 26-ஆம் நாள் சூரிய கிரகணம். தில்லியில் அது பகுதியளவே தெரிந்தது. அன்று காலை கருவுற்றிருந்த என் மருமகள் அலுவலகம் சென்றிருந்தாள். "வெளியே போகாதே என்று படித்துப் படித்துச் சொன்னேனே" என்றாள் என் மனைவி. மருமகள் மறுமொழி சொல்லவில்லை. அன்றிரவு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுததை நான் கண்டேன், கண்டும் வாளாவிருந்தேன். என் மனத்திலும் அந்த ஐயம் ஒரு மூலையில் இருந்ததே காரணம். பிறந்த நாளில் இல்லாத மறுவைப் பிறப்பதற்கு முன் நேர்ந்த கிரகணம் எங்ஙனம் இட்டிருக்க முடியும் என்று எளிதில் கேட்டிருக்கலாம். எனக்கோ அது அப்போது தோன்றவில்லை.

மார்ச்சு 25-இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. மருத்துவமனைக்குச் செல்ல அஞ்சினோம். "இவை தாமே மறையும்" என்று பலர் தொலைபேசியில் தேற்றினர். நாங்களும் காத்திருந்தோம். மகன் குழந்தையின் படங்களை உறவினர்களுக்கு அனுப்பிவந்தான். ஒருநாள் தங்கை என்னை அழைத்தாள்.

"அண்ணா, குழந்தையை ஏன் ஒரு பக்கமாகவே படம் எடுக்கிறீர்கள்?"

என்னால் விடைகூற இயலவில்லை. மறுபக்கத்தைக் காட்டச் சொன்னாள். இமை தடித்து, கண் பாதி மூடியிருந்தது. "என் மறு கண்ணை மறைக்கவில்லை. இது மறைக்கிறது. இனியும் காத்திராதீர்கள்" என்றாள்.

மறுநாளே ஒரு தோல் மருத்துவரிடம் காணொலி வழியாகப் பேசினோம். பார்த்தவுடன் அவர், குழந்தையை அழைத்து வருமாறு பணித்தார். அனுமதிச் சீட்டுப் பெற்றுச் சென்றோம். அவர் பொறுமையோடு விளக்கியதைத்தான் நம் அன்பர்கள் அறிய வேண்டும் என விரும்புகிறேன்.

பேத்திக்கு வந்தது ஹெமாஞ்சியோமா என்னும் இரத்தக்குழாய்க் கட்டி. இது பெரும்பாலும் பிறந்த சில வாரங்களில் தோன்றும். முதல் ஐந்து திங்களில் விரைந்து வளரும். பின்னர்ச் சில ஆண்டுகளில் மெல்லச் சுருங்கும். ஆதலால் முதுகிலோ தோளிலோ சிறிதாக இருப்பின் காத்திருத்தலே போதும். கண், மூக்கு, உதடு ஆகியவற்றின் அருகிலோ, புண்ணாகும் இடத்திலோ இருப்பின் காத்திருத்தல் தவறாகும். பார்வை பழகும் பருவத்தில் இமை மூடிக்கிடந்தால், பின்னர்க் கட்டி மறைந்தாலும் அக்கண்ணின் பார்வை மங்கியே நின்றுவிடக்கூடும்.

இதற்கு மருந்து கிடைத்த வரலாறு வியப்புக்குரியது. ப்ரொப்ரனலால் என்பது இதய நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் நெடுங்காலமாக வழங்கிவரும் மருந்து. பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் இதயக் கோளாற்றுக்காக அதை ஒரு குழந்தைக்குக் கொடுத்த மருத்துவர்கள், அதன் முகத்திலிருந்த கட்டி வெளிறி மெலிவதைக் கண்டனர். 2008-இல் அச்செய்தியை வெளியிட்டனர். இன்று இதுவே முதன்மையான மருத்துவம். ஆயினும் நாமே வாங்கிக் கொடுக்கும் மருந்தன்று இது. இதயத் துடிப்பைச் சோதித்த பின்னரே மருத்துவர் தொடங்குவார். பால் குடித்த குழந்தைக்கே கொடுக்க வேண்டும். வாந்தியெடுத்தாலோ உண்ண மறுத்தாலோ அவ்வேளை மருந்தை நிறுத்த வேண்டும். இன்றேல் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து தீங்கு விளையும். பேத்திக்கு ஒரு வாரத்தில் செம்மை மங்கியது. ஒரு திங்களில் கண் முழுதும் திறந்தது. ஓராண்டு நிறையும் வரை மருந்து தொடர்ந்தது.

தங்கையின் மறு வேறு இனத்தது. பிறக்கும்போதே இருப்பது, தானே மறையாதது. சோவியத்து ஒன்றியத்தின் தலைவராயிருந்த கோர்பச்சேவின் நெற்றியில் உலகம் கண்டது இத்தகைய மறுவே. கருவில் உடல் உருவாகுங்கால் ஓர் உயிரணுவில் தற்செயலாக நேரும் மாறுதலே இதன் காரணம் என 2013-இல் ஆய்வாளர் கண்டறிந்தனர். தாயின் செயலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதற்குரிய மருத்துவம் லேசர் ஒளி. குருதியின் செந்நிறம் அவ்வொளியை ஏற்றுச் சூடாகி, விரிந்த நுண்குழாய்கள் அடைபடுகின்றன. பல வார இடைவெளிகளில் பன்முறை செய்ய வேண்டும். மறு வெளிறும், முற்றும் மறைவது அரிது. இளமையில் தொடங்கினால் பயன் மிகுதி. நம்மைப் போன்ற மாநிறத்தோர்க்குத் தோலின் கருமையும் ஒளியை ஏற்பதால் கொப்புளமும் நிறமாற்றமும் நேரலாம். ஆகவே தேர்ந்தவரிடமே செல்ல வேண்டும். இம்மறு நெற்றியிலோ மேலிமையிலோ இருந்தால் கண்ணழுத்தமும் வலிப்பும் உடன்வரக்கூடும். அழகைப் பற்றிக் கருதுமுன் கண் மருத்துவரையும் நரம்பியல் மருத்துவரையும் காணுதல் வேண்டும்.

எல்லா மறுவுக்கும் மருத்துவம் வேண்டுவதில்லை. நம் நாட்டுக் குழந்தைகள் பலருக்கு இடுப்பின் பின்புறம் நீலச் சாம்பல் நிறத்தில் காணும் பட்டைகள் அடிபட்ட காயமல்ல. சில ஆண்டுகளில் பெரும்பாலும் மறையும். பிடரியில் காணும் இளஞ்செம்மையும் தீங்கற்றது. பால் கலந்த காப்பி நிறப் புள்ளிகள் ஒன்றிரண்டு இருந்தால் கவலையில்லை. ஆறும் அதற்கு மேலும் இருந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும். பிறவியிலேயே பரந்திருக்கும் கரிய மறு தடித்தாலும், உருமாறினாலும் அவ்வாறே.

2007-இல் தங்கை தில்லி வந்திருந்தபோது அவளையும் லேசர் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் நன்மையும் குறையும் ஒளிக்காமல் கூறினார். அவள் கேட்டுவிட்டு வேண்டாம் என்றாள். வெளியே வந்ததும், "சேங்கொட்டை தடவியபோது என்னை யாரும் கேட்கவில்லை, அண்ணா. இன்று கேட்டார்கள். எனக்கு அது போதும்" என்றாள்.

பேத்தி இப்போது பள்ளிக்குச் செல்கிறாள். இமையில் சற்றே தளர்ந்த தோல் மட்டும் எஞ்சியுள்ளது. என் மனைவி தான் சொன்ன சொல்லுக்காக மருமகளிடம் பின்னர் வருந்தினாள். நான் சொல்லாது நின்றமைக்கு வருந்த இன்னும் நாள் வாய்க்கவில்லை. இவ்வெழுத்து அதற்கும் ஆகுக.

பின்வரிசையில் அமர்ந்திருந்த அம்மையார் இதைப் படிப்பாராயின், அவருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. தங்கள் குழந்தையின் மறு எவ்வினத்தது என்பதை நான் அறியேன், மருத்துவர் அறிவார். அது நெற்றியில் இருப்பதால் காலம் தாழ்த்தாது கண்ணையும் காட்டுங்கள். தாங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. அடுத்த விழாவில் அந்தக் கைக்குட்டை இல்லாமல் வாருங்கள். குழந்தையை நேராக நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்வோம்.